நிச்சயத்துக்கு ஒரு மயில் மோதிரம்

"மோதிரத்தை நான்தான் வாங்குவேன். நானே போவேன், நானே பார்ப்பேன், நானே எடுப்பேன். நர்மதா காதுக்கு ஒரு வார்த்தை போகாது."

ஜெகன் இப்படி மனசுக்குள் சபதம் போட்டபோது அவன் உடம்பில் இருந்த சட்டை நர்மதா எடுத்தது. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி நர்மதா எடுத்தது. காலில் கிடந்த செருப்பும் நர்மதா எடுத்ததுதான். கவரைப்பேட்டையில் அந்த வாடகை வீட்டில் அவனாகத் தேர்ந்தெடுத்த பொருள் என்று தேடினால் ஒரு கொசு பேட் கிடைக்கும். அதுவும் முதல் நாளே கொசுவோடு சேர்ந்து உயிரை விட்டது.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து நிச்சயதார்த்த மோதிரம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஜெகனுக்கும் நர்மதாவுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆளுக்கொரு கம்பெனி, இருவருக்கும் சேர்த்து ஒரே ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் கிளம்பிய காதல் ரிஜிஸ்டர் ஆபீசில் போய் நின்றது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விளைவிக்கிற அவள் அப்பா சடையப்பன் அன்றைக்கு மூடிய வாயைத் திறக்கவில்லை. அம்மா கங்கம்மா அழுது அழுது கரைத்ததில் இப்போதுதான் இறங்கி வந்திருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாம் முறையாக, முதலிலிருந்து நடக்கணும். முதலில் நிச்சயம். மாப்பிள்ளை கையால் மோதிரம். அப்புறம் திருவாலங்காட்டில் கல்யாணம்.

ஆகக்கூடி, பெண்டாட்டியையே பெண் பார்த்து நிச்சயம் பண்ணப் போகிற நிலைமை ஜெகனுக்கு. மோதிரத்தில் மட்டும் அசத்திவிட்டால் மாமனார் வாயிலிருந்து 'மாப்ள' என்று ஒரு வார்த்தை விழும். அந்த வார்த்தைக்காக நர்மதா எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

முதல் சிக்கல், விரல் அளவு. காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து நர்மதா மத்தியானம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெகன் தையல் நூலோடு பூனை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, மோதிர விரலில் ஒரு சுற்று சுற்றினான். கண் திறந்தது.

"இன்னா பண்றே?"

"எறும்பு."

"எறும்ப நூலால கட்றியா?"

"கடிச்சிடப் போவுதுன்னு..."

"கடிக்கிற எறும்ப நசுக்குவாங்க. கட்டிப்போட்டு வளக்க மாட்டாங்க. வுடு, தூங்கணும்."

நூலோடு சேர்த்து விரலையும் மடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தப்பித்தோம் என்று ஜெகன் மூச்சு விட்டான். கம்பெனியில் அவன் பிட்டர். மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். பெண்டாட்டி சத்தமில்லாமல் இருந்தால் மட்டும் உள்ளே ஒன்றும் ஓடவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

அடுத்து பக்கத்து வீட்டு சுமலதாவைப் பிடித்தான். ஆந்திரா எல்லையில் இருக்கிற தடாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"அக்கா, உன் வெரலும் நர்மதா வெரலும் ஒரே அளவுதானே?"

"ஒண்ணேதான் நைனா. பொங்கலுக்கு அவ வளையல நான்தானே போட்டுக்கினு சுத்துனேன்!"

வளையல் சரியாக இருந்தால் மோதிரமும் சரியாகத்தான் இருக்கும். ஜெகனுக்கு அது அசைக்க முடியாத கணக்காகப் பட்டது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் அவர்களுக்குப் பழக்கமான நகைக்கடை ஒன்றுதான். சுமலதாவின் விரலையும் கூட்டிக்கொண்டு அங்கே போனான். கடைக்காரர் ஜெகனைப் பார்த்ததுமே, கேட்காமலே, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தார். மெல்லிசாக ஒரு மோதிரம். நடுவில் ஒரே ஒரு கல்.

"இத்த பாருங்க சார். உங்க ஊட்ல நிச்சயம் புடிக்கும்."

நிச்சயத்துக்கு வாங்க வந்தவனிடமே நிச்சயம் என்றால் சந்தேகம் வராதா? ஜெகன் சுமலதா காதில் கிசுகிசுத்தான்: "விக்காத சரக்க நம்ம தலையில கட்டப் பாக்குறாருக்கா."

அவன் கண் வேறெங்கோ போய்விட்டது. கண்ணாடிக்குள் ஒரு மயில். தோகையை விரித்துக்கொண்டு, பச்சையும் சிவப்புமாகக் கல் பதித்துக்கொண்டு, போட்டால் பக்கத்து விரலுக்கும் நிழல் கொடுக்கிற மாதிரி ஒரு மயில்.

"அது!"

"சார், இன்னொரு தபா யோசிச்சி..."

"எனக்கு யோசிக்கத் தெரியும். அத்த எடுங்க."

சுமலதா விரலில் மயில் கச்சிதமாக உட்கார்ந்தது. கழற்றத்தான் அவளுக்கு மனசே வரவில்லை.

நிச்சயத்தன்று ஆர்.கே.பேட்டை வீட்டில் சொந்தக்காரர்கள் கூடத்தை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். சடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெகன் பெட்டியைத் திறந்தான். மயிலைப் பார்த்து 'ஆ' என்றார்கள். நர்மதா விரலை நீட்டினாள். மயில் கிளம்பியது. நடுக் கணுவரை போனது. நின்றது.

ஜெகன் அழுத்தினான். நகரவில்லை. பழக்க தோஷத்தில் நட்டை முடுக்குவது மாதிரி திருகினான். நர்மதா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள்.

நர்மதாவின் அத்தை முத்தம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "ரெண்டு வருசமா குட்த்தனம் பண்றவனுக்குப் பொண்டாட்டி வெரலு தெரியலியா?"

சடையப்பனின் புருவம் மேலே ஏற ஆரம்பித்தது. ஜெகனுக்கு வேர்வை காதோரமாக இறங்கியது. அந்த மயிலே தன்னை விழுங்கிவிட்டால் நல்லது என்று நினைத்தான்.

நர்மதா மெதுவாக மோதிரத்தை உருவி, சுண்டு விரலில் போட்டுக்கொண்டாள்.

"அதில்ல அத்தே. எங்க கம்பெனில மெசின்ல கைய வுட்டு வேல செய்யணும். மோதிர வெரல்ல போட்டா மாட்டிக்கும். கைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு, அவரு சுண்டு வெரலுக்குன்னே பாத்து வாங்கினு வந்தாரு. இங்க எல்லாரயும் பாத்ததும் பதட்டத்துல வெரல மாத்திட்டாரு."

சுண்டு விரலை மட்டும் விட்டுவைக்கிற மிஷின் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. அது ஜெகனுக்குத் தெரியும். சடையப்பனுக்குத் தெரியாது. அவர் மகளின் கையைப் பார்த்தார். கம்பெனியில் சரக்குப் பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. கட்டியிருந்த தன் கையை அவிழ்த்தார்.

"அத்தினி யோசன பண்ணி வாங்கினியா மாப்ள? வா, வந்து மொதல்ல சாப்புடு."

நர்மதாவின் கண் சட்டென்று நிறைந்துவிட்டது. முத்தம்மாள்கூட மூக்கை உறிஞ்சினாள்.

சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நர்மதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"கடையில, மெலிசா ஒத்தக்கல்லு வெச்சி ஒண்ணு காட்டினாரா?"

"காட்டினாரு. உனக்கு எப்டி..."

"நான்தான் அளவு குடுத்து எடுத்து வெச்சிட்டு வந்தேன். என் ஊட்டுக்காரரு வருவாரு, அவரே எடுத்தா மாதிரி இத்த குடுத்து அனுப்புங்கன்னு சொன்னேன்."

ஜெகன் கையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்போ ஒனக்கு..."

"எறும்ப நூலால கட்டுன அன்னிக்கே தெரியும். தண்ணிய மூடு, வீணா போவுது."

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். தோற்றுப்போன முகத்தோடு ஜெகன் மயிலை மேஜைமேல் வைத்தான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒத்தைக்கல் மோதிரத்தை எடுத்தார். நர்மதா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது வேணாண்ணா, வேற யாருக்காச்சும் குடுங்க. இந்த மயில என் வெரலுக்குப் பெருசு பண்ணித் தாங்க."

ஜெகனுக்கு ஒரு முழம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. "பாத்தியா! நான் செலக்ட் பண்ணது உனக்குப் புடிச்சிப் போச்சு!"

"இன்னா பண்றது? ஒண்ண எடுத்துட்டு, சரியா அமையலனாலும் மாத்தாம வெச்சினு இருக்கறது எனக்குப் பழகிப் போச்சு."

"எத்த சொல்றே?"

நர்மதா மயிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர்தான் ஜெகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"உங்களத்தான் சொல்றாங்க சார்."