நிலாவில் சிவப்பு விளக்கு

லாம்பு நைனாவைப் போல ஒரு பிடிவாதக்காரர் சென்னைக்கும் கூடூருக்கும் நடுவே ரயில் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பொன்னேரியை அடுத்த சின்ன ஸ்டேஷன் ஒன்றில் நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சிக்னல் கம்பத்தில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவது அவர் வேலை. ஏறுவார். இறங்கமாட்டார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கண் உடைந்த பைனாகுலரோடு மேலேயே உட்கார்ந்து நிலாவைப் பார்ப்பார்.

"இருட்டுப் பக்கம் ஒரு வெளிச்சம் மினுக்குன்னு வந்து அணைஞ்சிச்சிய்யா" என்பார். இன்னொரு நாள், "ஒரு பள்ளத்தைப் பொகை மூடிக்கினு கீது" என்பார்.

"எவன் ஊட்லயோ நாஷ்டா வேவுது நைனா" என்பேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஒருநாள் ஓடிவந்து ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் விறைப்பாக நின்றார். "சார், நெலாவுல செவப்பு தெரியுது. கண்ட்ரோல் ஆபீசுக்குச் சொல்லுங்க."

"யோவ், நிலாவுக்கும் நம்ம லைனுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"செவப்பு எங்க தெரிஞ்சாலும் சொல்லணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

மாஸ்டர் கொதித்துப்போய், இந்த ஆளுக்குக் கண் கோளாறு என்று மேலே எழுதிப் போட்டார். பரிசோதிக்க ரயில்வே டாக்டர் வந்தார். தேறாவிட்டால் விளக்கு வேலை போய்விடும். அப்புறம் கம்பத்தில் ஏறவே விடமாட்டார்கள்.

"பாக்கலன்னு சொல்லித் தொலை நைனா" என்று நானும் போர்ட்டரும் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனும் கெஞ்சினோம்.

"பாத்தத எப்படிய்யா பாக்கலன்றது?"

மடையன்!

டாக்டர் காட்டிய நிறங்களையெல்லாம் சரியாகச் சொன்னார். "நிலாவில்?" என்று கேட்டார் டாக்டர். "செவப்பு பாத்தேங்க." அப்படியானால் கோளாறு கண்ணில் இல்லை, தலையில் என்றார் டாக்டர். எனக்குப் பொறுக்கவில்லை.

"நானும் பாத்தேன் சார்!"

போர்ட்டரும் கேங்மேனும் "நாங்களும்தான்" என்றார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டார் டாக்டர். நான் இடது என்றேன். போர்ட்டர் வலது என்றான். கேங்மேன் நிலா மொத்தமும் என்றான்.

"கீழ் ஓரத்துல சார். கொஞ்ச நேரம்தான், அப்பால போய்டுச்சி," என்றார் நைனா. "இவுங்க யாரும் பாக்கல, சும்மா சொல்றாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "இந்த ஸ்டேஷனில் இவர் ஒருத்தருக்குத்தான் கண் ஒழுங்கு" என்று நைனாவைத் தேறவைத்து, எங்கள் மூவரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் நைனா என்மேல் பாய்ந்தார். "பாக்காததைப் பாத்தேன்னு இன்னாத்துக்குய்யா சொன்னே? அறிவு கீதா உனுக்கு?"

அன்று சாயங்காலம் கம்பத்தடியில் போய் நின்றேன். நிலாவில் எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. மேலே அந்த ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எனக்கு அது போதும்.