ஆபத்சகாயம் மோந்து பார்த்த பூ

மழை பொய்த்த மூன்றாம் ஆண்டில், வாடாபுரி அரசன் உப்பரிகையில் நின்று தன் நந்தவனத்தைப் பார்த்தான். ஐந்நூறு மரங்களில் ஒரு பூகூட இல்லை. "நம் ஆட்சியில் மரங்கள் மொட்டையாக நிற்பதா?" என்றான். மறுநாளே, எல்லா மரங்களிலும் பட்டால் செய்த இலையும் பூவும் கட்டும்படி ஆணை பிறந்தது.

தோட்டக்காரி செங்கமலம் ஏணியில் ஏறிக் கிளை கிளையாகக் கட்டினாள். அந்தி வெயிலில் தோட்டம் மிதப்பதுபோல இருந்தது. அவளே ஒரு கணம் மயங்கிப்போனாள். இறங்கி வந்து, கிணற்றில் மிச்சமிருந்த தண்ணீரை இறைக்கப் போனாள். மலர்த்துறை அதிகாரி ஆபத்சகாயம் தடுத்தார்.

"பூத்துக் குலுங்குற மரத்துக்குத் தண்ணி எதுக்கும்மா? ஊத்தினா, மரம் காஞ்சிருக்குன்னு நீ சொல்ற மாதிரி ஆயிடும். ராஜதுரோகம்!"

வயலுக்கும் அதே நியாயம் வந்தது; காய்ந்த பயிரில் பட்டுக் கதிர் கட்டி, தண்ணீரை நிறுத்தினார்கள். ஜனங்கள் பட்டுக் கதிர்களைப் பார்த்தபடி பட்டினி கிடந்தார்கள்.

செங்கமலம் தன் கையால் நட்ட பவழமல்லியின்மேல் உயிரையே வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்றத்தானே தடை? கை கழுவத் தடையில்லையே. மூன்று வேளையும் அதன் அடியில் கை கழுவினாள். சாப்பாடு இல்லாத நாளிலும் கழுவினாள்.

ஒரு விடியலில் பவழமல்லியின் அடியெல்லாம் வெள்ளைப் பூக்கள். ஆபத்சகாயம் பதறிவிட்டார். "நம்ம ராஜ்யத்துல பூ உதிராதே!" ஒன்றை எடுத்து மோந்தார். "இதென்ன நாத்தம்?"

"அது வாசனைங்க."

"மத்த மரத்துக்கெல்லாம் இல்லையே!"

விசாரணை நடந்தது. ஐந்நூறில் ஒன்று மட்டும் மாறுபடுவதால் அதுவே போலி மரம் என்று தீர்ப்பாயிற்று.

"ஐயா, உசுரோட இருக்கிறது இது ஒன்னுதாங்க!"

"அதாம்மா குத்தம்."

மரம் சாய்ந்தபோது செங்கமலம் வாய்விட்டு அழுதாள்.

வெட்டியவன் கையில் வாசனை ஒட்டிக்கொண்டது. அவன் தொட்ட கதவுகள், கதவைத் தொட்ட கைகள் என்று மெல்ல ஊரெல்லாம் பரவியது. பட்டு வயலின் முன் நின்றவர்கள் தங்கள் கையை மோந்துகொண்டு, எதையோ நினைவுபடுத்திப் பார்த்தார்கள். அரண்மனைக்கு உதறல் எடுத்தது. குடிமக்கள் அனைவரும் தினம் மூன்று வேளை கட்டாயம் கை கழுவ வேண்டும் என்று அவசர ஆணை வந்தது.

எங்கே கழுவுவது என்று அதில் எழுத மறந்துவிட்டார்கள். செம்பும் கையுமாக ஊரே நந்தவனத்துக்கு வந்து செங்கமலத்தைக் கேட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பட்டுக்கு அடியில எதுல உசுரு மிச்சமிருக்கோ, யார் கண்டா? ஆளுக்கொரு மரமாப் பாத்துக் கழுவுங்க. இந்த வெட்டுன அடிமரத்தை மட்டும் எனக்கு விட்டுடுங்க."