அம்புக்குறி அண்ணன் பாஸ் பண்ணாத போலீஸ் ஸ்டேஷன்

போலீஸைப் பாத்து ஓடுனவன் உண்டு, ஒளிஞ்சவன் உண்டு. போலீஸ் ஸ்டேஷனையே திருப்பிப் போட்டு டேமேஜ் பாத்த ஒரே மனுசன் எங்க அம்புக்குறி அண்ணன்தானுங்க.

பனியன் கம்பெனியில அவரு செக்கிங். துணியில ஓட்டை, கறை எது இருந்தாலும் அந்த எடத்துல செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டோணும். அண்ணன் வேலை முடிஞ்சும் நிறுத்த மாட்டாரு. டீக்கடை கிளாஸ் விரிசல்ல ஒட்டுவாரு. எம் மொபட்டு சீட்டுக் கிழிசல்ல ஒட்டுனாரு. எஞ்சட்டையில தெனமும் ஒட்டுவாரு: "காலர் அழுக்குடா!" மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவன் நானு. எனக்கு மார்க்கு போட்ட ஒரே வாத்தியாரு அவருதான்.

அந்த மொபட்டுதாங்க எஞ்சோறு. அதே கம்பெனி கட்டிங் பீஸ் மூட்டைய ஏத்தி மங்கலம் ரோட்டுல தைக்கறவங்களுக்குக் கொண்டு போவேன். ஊத்துக்குளியில பொண்ணு பேசியிருந்தாங்க. பொண்ணோட அப்பா என்னைய ஒருக்கா பாத்தாரு, வண்டிய நாலு சுத்து சுத்திப் பாத்தாரு. அந்த வண்டி ஒரு நா காணமுங்க!

நான் அழுவறேன், அண்ணனுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"வண்டி காணாமப் போன ரோடு ரெண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கும் எல்லைடா. ஒரே கம்ப்ளெய்ன்ட்ட ரெண்டுலயும் குடுப்போம். எது பர்ஸ்ட் குவாலிட்டின்னு தெரிஞ்சிரும்."

"ஏனுங்ண்ணா, எங்கல்யாணம் உங்களுக்கு சாம்பிள் பீஸுங்களா?"

மொத ஸ்டேஷன்ல "உக்காருங்க"ன்னாங்க. தண்ணி குடுத்தாங்க, ரசீது குடுத்தாங்க. அண்ணன் தேடித் தேடிப் பாத்தும் ஒட்ட எடமில்லை. "ஏ கிரேடுடா!"ன்னாரு.

ரெண்டாவது ஸ்டேஷன் எதுன்னு சொல்ல மாட்டனுங்க, இன்னும் அந்த வழியாத்தான் போய்ட்டு வாறேன். அங்க ரைட்டர் நிமிரவே இல்லை. "எந்தக் கடையில குடிச்சுட்டு வண்டிய உட்டே?"ன்னாரு. அண்ணன் ஸ்டிக்கரை எடுத்தாரு. காலியான பானைக்கு ஒரு அம்பு. காலொடிஞ்ச பெஞ்சுக்கு ஒரு அம்பு. அப்பறம் நேராப் போயி ரைட்டர் நெஞ்சுலயே ஒண்ணு!

"என்னய்யா இது?"

"பாக்கெட்ல பட்டன் மிஸ்ஸிங்குங்க சார். ஆல்ட்டர் பண்ணிட்டா பாஸுங்க."

பொழுது சாயற வரைக்கும் எங்களை அந்தக் காலொடிஞ்ச பெஞ்சுலயே உக்கார வெச்சுட்டாங்க. வெளிய வந்ததும் அண்ணன் தீர்ப்பு சொன்னாரு: "இது செகண்ட்ஸ்கூட இல்லடா. மிஷின் தொடைக்கற பனியன் வேஸ்ட்டு."

ஒரு வாரம் போச்சு. வண்டி இல்லைன்னதும் பொண்ணு ஊட்டுல கல்யாணப் பேச்சை இழுக்க ஆரம்பிச்சாங்க. அப்பத்தான் கம்பெனிக்கு ஒரு போனு. அதே ரைட்டரு!

"முள்ளுக்காட்டுல ஒரு மொபட்டு கெடந்துச்சு. நம்பர் பிளேட்டு இல்லை. சீட்டுல அம்பு இருக்குது. இந்த வேலைய ஊருல வேற எவன் பண்ணுவான்? அந்தக் கிறுக்கனைக் கூட்டிட்டு வா."

போனோம். எம் வண்டியேதானுங்க! கட்டிப்புடிச்சு அழுதுட்டேன். அண்ணன் உள்ள போயி பானையத் தட்டிப் பாத்தாரு, தண்ணி இருந்துச்சு. அம்பைப் பிச்சாரு. ரைட்டர் சட்டையப் பாத்தாரு, புதுப் பட்டன். "ரீ-செக்கிங்ல பாஸுங்க சார்"னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

"போய்யா யோவ்"னு ரைட்டர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு. பெஞ்சு அம்பை மட்டும் அண்ணன் எடுக்கலை.

ஏ கிரேடு ஸ்டேஷன்ல இருந்து இன்னும் தகவல் வல்லீங்க. ரசீது பத்திரமா இருக்குது.

கல்யாணம் நடந்துச்சு. தாலி கட்ட வந்த எம் வேட்டியிலயும் அண்ணன் ஒரு அம்பு ஒட்டித்தான் உட்டாரு. அப்பறம் கண்ணு மங்கி, செக்கிங்கை உட்டுட்டு மக ஊட்டுக்கே போயிட்டாரு.

இப்பவும் காத்தால சட்டை போட்டதும் ஒருக்கா தடவிப் பாக்கறனுங்க. காலர் அழுக்காத்தான் இருக்குது. அம்பு ஒட்டத்தான் ஆளில்லீங்க.