வேட்பாளருக்கு ஒரு பொண்டாட்டி

அந்த வெள்ளிக்கிழமை, சூப்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கும்போது நான் ஒரு முடிவு எடுத்தேன். என் புருஷன் வாயிலிருந்து எனக்கே எனக்கென்று ஒரு நல்ல வார்த்தை வாங்காமல் விடுவதில்லை. வானம் இடிந்து விழுந்தாலும் சரி.

பாஸ்கலிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. தொழிலே அதுதான். எங்கள் பிரான்சில் தேர்தலில் நிற்கிறவர் முதலில் ஒரு புத்தகம் போட்டாக வேண்டும். அவர்களுக்கு எழுத நேரமும் இல்லை, எழுத வரவும் வராது. பாஸ்கல் எழுதிக் கொடுப்பார். அட்டையில் அவர்கள் படம், அவர்கள் பேர். பாஸ்கல் பேர் எங்கள் தபால் பெட்டியில் மட்டும் இருக்கும்.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

“ஏங்க, என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மாவா? காலையிலேர்ந்து வெர்தியே, லகோம்ப்னு ரெண்டு வேட்பாளருக்கும் எழுதி எழுதி வறண்டுபோயிருக்கேன். வீட்டுல என்னை விட்டுடு, இனேஸ்.”

என் தோளில் கிடந்த எங்கள் குழந்தை மார்கோ, அப்பாவைப் பார்த்து ஒரு ஏப்பம் விட்டாள். என் கட்சி.

அப்போது ரேடியோவில் வெர்தியே. ஆளுங்கட்சி வேட்பாளர். தன் புதுப் புத்தகத்திலிருந்து உருகி உருகிப் படித்தார்.

‘என் மனைவி கூச்சக்காரி. யாராவது உரக்கப் பேசினாலே காது சிவந்துவிடும். நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் தன் செருப்புமாகப் பனியில் ஓடிவந்தாள். இவள் ஒருத்தி என் பக்கம் இருந்தால் வேறு கட்சியே வேண்டாம் என்று நினைத்தேன்.’

என் கத்தி நின்றுவிட்டது.

“ஏங்க, அது நான்!”

“ஷ்ஷ்!”

“என் காது. என் செருப்பு.”

“உங்க மனைவியைப் பத்திச் சொல்லுங்கன்னு அந்தாளைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சு, ‘உயரமா இருப்பா’ன்னார். அதை வெச்சு ஒரு அத்தியாயம் எழுத முடியுமா?”

“எனக்குச் சொல்லாததை ஊருக்கே சொல்லியிருக்கீங்க.”

“ஊர் கேட்டுச்சு.”

“நானும்தானே கேட்டேன்?”

அவர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். சூப்பில் உப்பு குறைவு என்றார்.

சாயங்காலமே டிவிக்காரர்கள் வெர்தியே வீட்டில் போய் இறங்கினார்கள். புத்தகத்தில் இருப்பதைச் செய்து காட்டச் சொல்லுவது அவர்கள் வழக்கம். பாவம் அந்த அம்மா, நல்ல வெயிலில், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையில் கண்ணாடியோடு தோட்டத்தைச் சுற்றி ஓடினார். எப்படி ஓடவேண்டும் என்று பாஸ்கல்தான் போனில் சொல்லிக்கொடுத்தார். எழுதியது பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“லகோம்ப் புத்தகத்துல அவர் பொண்டாட்டி எப்படி?”

லகோம்ப் எதிர்க்கட்சி. அவருக்கும் பாஸ்கல்தான் எழுதுகிறார் என்று வெர்தியேவுக்குத் தெரியாது. வெர்தியேவுக்கு எழுதியது லகோம்புக்குத் தெரியாது. தெரிந்தால் பாஸ்கல் பிழைப்பு அன்றோடு சரி.

அவர் முகம் கோதுமை மாவு மாதிரி வெளுத்தது.

“அவளும்… பனியில ஓடுறா.”

“அதே செருப்பா?”

“நான் என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்ச பொண்டாட்டி நீ ஒருத்திதானே!”

மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் இது நல்ல வார்த்தை இல்லை, சாக்கு. இதை ஏற்றுக்கொள்வதாக இல்லை.

லகோம்ப் புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போகிறது. பாஸ்கல் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

“வேற ஒரு பொண்டாட்டி வேணும், இனேஸ்! உடனே வேணும்!”

வேறு வீடாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“உட்காருங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ‘என் மனைவி காலையில் எழுந்திருக்கவே மாட்டாள்.’”

“என்னது?”

“எழுதுங்க. ‘ஏனென்றால் நான் எழுந்துவிடுவேன். குழந்தைக்கு டயப்பர் மாற்றுவது நான். பால் கலக்குவது நான். துவைத்ததை மடிப்பதும் நான்.’”

“அடடா! பெண்கள் ஓட்டை அப்படியே அள்ளும்!”

“‘காபி போட்டு அவளுக்குக் கட்டிலுக்கே கொண்டுபோவேன். கொடுக்கும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்வேன். நேற்றுச் சொன்னதை இன்று சொல்ல மாட்டேன்.’”

“பிரமாதம்! இதெல்லாம் எங்க படிச்சே?”

“படிக்கல. ஏங்கினேன்.”

அது அவர் காதில் விழவில்லை. கணினியில் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

புத்தகம் வந்தது. கடைத்தெருவில் பெண்கள் லகோம்பை நிறுத்தி நிறுத்திக் கை கொடுத்தார்கள். பாஸ்கல் வீட்டுக்குள் ராஜா மாதிரி நடந்தார். ஒருநாள் போன் வந்தது. லகோம்ப் போட்ட கூச்சல் அடுப்படி வரை கேட்டது.

“யோவ்! சனிக்கிழமை டிவிக்காரங்க வர்றாங்கய்யா! என் பையனுக்கு நான் டயப்பர் மாத்தணுமாம்! எனக்கு அதுல முன்னாடி எது, பின்னாடி எதுன்னே தெரியாது! எழுதினவன் நீதானே, வந்து சொல்லிக் குடு! என் பொண்டாட்டி வேற புத்தகத்தைப் படிச்சுட்டுக் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குறா! தினமும் ஒரு நல்ல வார்த்தை வேணுமாம்! அதையும் நீயே எழுதி அனுப்பு!”

பாஸ்கல் போனை வைத்தார். என்னைப் பார்த்தார். முன்னாடி பின்னாடி அவருக்கும் தெரியாது.

“இனேஸ்… கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

“வாயால சொன்னா வராதுங்க. செஞ்சு பழகணும். நாளைக்குக் காலையில ஆரம்பிங்க. புத்தகத்துல இருக்கிற மாதிரியே, ஒண்ணு விடாம.”

மறுநாள் நான் எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ விழுந்தது. ஏதோ உருண்டது. பாஸ்கல் ஒரு மந்திரியின் பேரைச் சொல்லித் திட்டினார். மார்கோ கெக்கெக்கே என்று சிரித்தாள். கடைசியில் காபி வந்தது. பாதி கோப்பையில், பாதி தட்டில்.

“வார்த்தை?” என்றேன்.

மார்கோவை என் பக்கத்தில் கிடத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் பால். எத்தனையோ பேருக்குப் பக்கம் பக்கமாக எழுதிய மனுஷனுக்கு நாக்கு எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“நீ இந்த வீட்டுல சத்தமே போடறதில்லை, இனேஸ். ஆனா நீ ஊருக்குப் போனா எனக்கு ஒரு வரிகூட ஓடறதில்லை.”

நான் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். அவர் முகம் மலர்ந்தது. சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

“நல்லா வந்திருக்கே! லகோம்புக்கு இதையே அனுப்பிடறேன்!”

“அனுப்பக் கூடாது. இது என்னுது,” என்று காபியை ஒரு வாய் குடித்தேன். “அவருக்கு வேற எழுதுங்க. அதுக்கு முன்னாடி மார்கோவோட டயப்பரைத் திருப்பிப் போடுங்க.”