நின்ற வண்டியின் வேகம்

பரசுராமன் மத்தியானத் தூக்கம் கலைந்து நடைக்கு வந்தபோது, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த சைக்கிளின் ஸ்பீடாமீட்டர் முள் பத்து மைலிலிருந்து மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ வெகுதூரம் ஓட்டி வந்து அப்போதுதான் இறங்கியதைப் போல. வாசல் கதவோ உள்ளே தாழிட்டிருந்தது.

சமையலறையில் இருந்த புது மனைவி வடிவைக் கேட்டான். யாரும் வரவில்லை என்றாள், கொஞ்சம் அவசரமாகவே.

ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவது அவன் உத்தியோகம். அதுவும் தற்காலிகம். சைக்கிள் இல்லாவிட்டால் உத்தியோகமும் இல்லை. ஏனாத்தூருக்குத் திரும்பி அண்ணன்மார் நிலத்தில் சேறு மிதிக்க வேண்டியதுதான். பழைய மீட்டர் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டியது மட்டும் அவனுடைய சொந்த ஜம்பம்.

மாட்டிக்கொடுத்த சைக்கிள் கடை தாவீதிடமே ஓடினான். தாவீது முன்சக்கரத்தைக் கழற்றி, அங்கிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளை மாற்றி, எண்ணெய் விட்டுக் கொடுத்தான். மறுநாள் மத்தியானம் முள் இருபதிலிருந்து இறங்கியது.

இரண்டாம் முறை போனபோது தாவீது எதையும் கழற்றவில்லை. தலையைச் சொறிந்தான். அந்த மீட்டர் தென்னேரி பால்காரர் கோதண்டபாணியின் சைக்கிளில் இருந்ததாம். அவர் போன ஐப்பசியில் கேன்களோடு ஏரியில் விழுந்து போய்ச் சேர்ந்தாராம். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றால், நீ கேட்கவில்லையே என்கிறான்.

"வேகமா ஓட்டுவாரா?"

"பால் தளும்புமேபா. நிதானமாத்தான் போவாரு."

"இப்ப இருபதுல போறாரே."

"இப்ப பால் இல்லியே."

பரசுராமன் கோயிலுக்கு ஓடினான். பூசாரி மந்திரித்த எலுமிச்சம்பழத்தை ஹேண்டில்பாரில் கட்டினான். அன்று கண்ணை மூடாமல் காவல் இருப்பதாகச் சபதம் வேறு. குறட்டை பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்டது. எழுந்து வந்தால், முள் முப்பதிலிருந்து இறங்குகிறது. எலுமிச்சம்பழம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

உயிருக்கு முன்னால் உத்தியோகம் என்ன பெரிது? தாவீதை வீட்டுக்கே கூட்டிவந்து, சைக்கிளைச் சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். வடிவை ஏனாத்தூருக்கு மூட்டை கட்டச் சொன்னான்.

அவள் கட்டவில்லை. சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் சுத்திக்கினு இருந்தேன்."

பக்கத்து வீட்டுத் தறிக்கு அவள் திருட்டுத்தனமாகப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்து வந்தாள். உத்தியோகஸ்தன் பெண்டாட்டி கூலிக்கு நூல் சுற்றக் கூடாது என்று கல்யாணத்தன்றே பரசுராமன் சட்டம் போட்டிருந்தான். ராட்டை வாங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சைக்கிள் சக்கரத்துக்கும் நூல் சுற்றும் குச்சிக்கும் ஒரு கயிறு மாட்டி, அவன் தூங்கும்போது மிதிக்கட்டையைக் கையால் சுற்றியிருக்கிறாள். நூல் அதிகம் வர வர, வேகமும் கூடிவிட்டது.

பரசுராமனுக்குக் கோபமே வரவில்லை. செத்தவர் செத்தவராகவே இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சட்டத்தை அங்கேயே ரத்து செய்தான். சைக்கிள் தப்பியது, உத்தியோகம் தப்பியது. எங்கே, சுற்றிக் காட்டு என்றான்.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து மிதிக்கட்டையைச் சுற்றினாள். சக்கரம் விர்ரென்று ஓடியது. தாவீது மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தவன் அப்படியே இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"தங்கச்சி, நீ சுத்துறது பின்சக்கரம்மா. மீட்டரு முன்சக்கரத்துலதானே இருக்குது."