அலமாரிக்குள் ஓர் உறுமல்

"அப்பா எந்திரிச்சிட்டாருன்னா உன் மைக்கு சாக்கடையிலதான் கெடக்கும், சொல்லிட்டேன்," என்றாள் அக்கா மாடில்டா.

ராஃபேல் மைக்கைக் கீழே வைத்தான். ஆனால் அவன் உறுமியாக வேண்டுமே. ஹெவி மெட்டல் குழுவில் பாடகனைக் குழைந்து பாடவா வைத்திருக்கிறார்கள்? கிதார் இடியாய் இறங்க, டிரம் படபடக்க, அடித்தொண்டையிலிருந்து உறும வேண்டும். ஆல்பத்தின் பெயர் 'முள்வேலி'. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலத்தில், தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளைச் சுற்றி வெள்ளைக்காரன் முள்வேலி போட்ட கதை. அது போய் இந்தக் கொரோனா அவசரகாலத்தில் மாட்டிக்கொண்டது. கோலசிலாங்கூரில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லை. அவன் குடியிருக்கும் புக்கிட் செந்தோசாவைத் தாண்டினால் போலீஸ் மறிக்கும்.

மற்றவர்கள் வீட்டிலேயே வாசித்து அனுப்பிவிட்டார்கள். இவன் குரல்தான் பாக்கி.

"சாயங்காலத்துக்குள்ள வரலன்னா செல்லன பாட வச்சிருவோம் லா," என்று ஒலிப்பதிவாளன் கார்த்திகேசு போனில் சொல்லிவிட்டான். செல்லன் டிரம் அடிப்பவன். இந்த ஆல்பத்துக்காகவே தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டவன் ராஃபேல். வயிறு எரியாதா?

அப்பா பெர்னாட்டுக்குத் தொழிற்சாலையில் இரவு ஜாகா வேலை. விடிய விடியக் காவல் காத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவரை எழுப்பினால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. நல்லவேளை, அவர் குறட்டை ஒவ்வொன்றும் ஒரு விசிலில் முடியும். விசில் கேட்கிறவரை பயமில்லை.

குளியலறைக்குள் போய் ஒருமுறை உறுமிப் பார்த்தான்.

"தம்பி, மூச்சு முட்டுதா? ஆம்புலன்சுக்குச் சொல்லவா?" பக்கத்து வீட்டு நாகமணி சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

"இல்லக்கா, பாடுறேன்."

"ஐயோ பாவம், ஜன்னி கண்டிருச்சு. மாடில்டா, ஏ மாடில்டா."

மாடில்டா கரண்டியோடு ஓடி வந்தாள். அந்தக் கூச்சலில் குறட்டை நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கர்ர்ர்... உய்ங். அப்பாடா.

கடைசியில் தன் அறை அலமாரிக்குள் புகுந்தான். துணிகளுக்கு நடுவே சத்தம் அடங்கும் என்பது கணக்கு. ஆனால் அலமாரிக்குப் பின்னால் மெல்லிய பலகைத் தடுப்புதான். அதற்கு அந்தப் பக்கம் அப்பாவின் தலையணை. வேறு போக்கிடமும் இல்லை. மைக்கைப் பலகையில் சாய்த்து வைத்தான். ஒரு காதில் பாட்டு, ஒரு காதில் குறட்டை. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு மெல்ல மெல்ல உறுமினான். வேர்த்துக் கொட்டியது. தான் உறுமுகிறோமா, அழுகிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

கேட்டுப் பார்க்க நேரமில்லை. அப்படியே அனுப்பிவிட்டுக் கட்டிலில் விழுந்தான். இனி செல்லன்தான் பாடப்போகிறான் என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

போன் அடித்தது. கார்த்திகேசு.

"ராஃபேல், பாட்டு முழுக்கப் பின்னால யாரோ பூனை மாதிரி முனகிக்கிட்டே இருந்தாங்க லா, அத அழிச்சிட்டேன். ஆனா உன் உறுமல் இருக்கே, ஒலகத் தரம். ஒவ்வொரு தடவையும் கடைசில ஒரு விசில் வருதே, அத எப்படி விடுற?"