மருந்துக்கடை வேதாசலம் மூச்சை வென்ற படலம்

“இங்க கொஞ்சம் நின்னு போலாங்க. காத்து நல்லா வருது.”

“காத்தா? மரத்துல ஒரு இலை கூட ஆடலியே, கௌரி.”

“எனக்கு வருதுங்க. நில்லுங்க.”

சித்திரைக் கிருத்திகையன்று, தணிகை மலைப் படியில், கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். உலகத்துப் பெரும்போர்களுக்கெல்லாம் காரணம் மண்ணாசை என்பர், பொன்னாசை என்பர். இனி உரைக்கப்போகும் போருக்குக் காரணம், வீசாத காற்று.

வாழ்க வேதாசலம்! மலையைப் பெயரில் சுமந்தும் மலையேற மாட்டாத மாண்பினர். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் முப்படைக்கும் தலைவர். நாட்டு மருந்துக் கடையின் கல்லாவில் காலையில் அமர்ந்தால் விளக்கு வைக்கும்வரை அசையாத நிலைபேறு உடையவர். ஊரார் இருமலையெல்லாம் ஓட்டிய கையினர், தம் மூச்சிரைப்பை ஓட்ட மட்டும் வகையறியாதவர். வேட்டி முடிச்சுக்கு நாள்தோறும் புதிய இடம் தேடவைக்கும் திருவயிற்றினர். முருகப்பெருமானின் சினமே தணிந்த அம்மலையில் தம் மூச்சு தணியாது நின்ற அந்தப் பெருந்தகை வாழ்க! அவர் கால் விரல்களும் வாழ்க. அவற்றை அவர் தாமே கண்டு ஆண்டுகள் பல ஆயின.

அவர் நெஞ்சில் அன்று தைத்த அம்பு இதுதான். கிருத்திகைதோறும் தம்பதி மலையேறுவார்கள். அவர் முன்னே செல்ல, கௌரியம்மாள் பூக்கூடையோடு ஒரு படி பின்னே வருவாள். கணவனை முந்திக்கொண்டு ஏறும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அவளோ மெலிந்தவள், காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று உறவினர் கேலி பேசும் உடல்வாகு. அப்படிப்பட்டவள் திருப்பத்துக்குத் திருப்பம் நிற்கிறாள். காற்று வருகிறது என்கிறாள், குரங்குக் குட்டி அழகாயிருக்கிறது என்கிறாள். எல்லாம் யார் பொருட்டு? இந்த யானை இளைப்பாறட்டும் என்றல்லவா அந்த மான் பொய் சொல்லி நிற்கிறது! கட்டிய மனைவியைக் கோயில் படியில் பொய் பேச வைத்த புருஷன் என்ற எண்ணம் எழுந்ததும், வேதாசலத்தின் மீசை துடித்தது.

அன்று பகல் சாப்பாட்டு இலையின் முன் அமர்ந்து அவர் சூளுரைத்தார்.

“கேட்டுக்கோ கௌரி! ஆடிக் கிருத்திகைக்கு நான் பூக்காவடி எடுக்கறேன். அடிவாரத்துல தோள்ல ஏத்துனா சாமி முன்னாடி தான் இறக்குவேன். நடுவுல ஒரு படியில நின்னா, நான் மீசைய எடுத்துடறேன்!”

கௌரியம்மாளின் தம்பி ராஜவேலு, பள்ளிப்பட்டிலிருந்து வந்து பக்கத்து இலையில் அமர்ந்திருந்தவன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டான்: “பாவா, நாவிதரை இப்பவே வரச் சொல்லட்டுமா, இல்ல ஆடி வரைக்கும் பொறுக்கலாமா?”

“சும்மா இருடா,” என்றாள் அக்காள். ஆனால் அவள் முகத்தில் ஓடிய கலக்கத்தை அவன் பார்க்கவில்லை. அவர் பார்த்தார், தம் மீசைக்காகக் கலங்குகிறாள் என்று எண்ணிப் பெருமையுற்றார்.

இனி, உடலை வெல்ல உலகில் உள்ள வழிகள் பலவற்றுள் தமக்கு உரியது எது என்றறியாத அந்த வீரர், முதற்கண் புகுந்த களம் பயில்வான் வீரபத்திரனின் தாலீம் கொட்டகை. குழைத்த செம்மண் தரை. சுவரில் அனுமார் படம். மூலையில், அரக்கர் விட்டுச்சென்ற ஆயுதங்கள்போல் சாய்ந்து நின்ற கர்லாக் கட்டைகள். விடியலில் தண்டால் எடுக்கும் காளையர்களின் நடுவே, சந்தைக்குள் புகுந்த தேர்போல வேதாசலம் நுழைந்தார். பஸ்கி எடுக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தது பஸ்கி, எழுந்தது இரண்டு பயில்வான்களின் தயவு. பிறகு கர்லாக் கட்டையைப் பற்றினார். ஊழிக்காற்றில் சுழலும் பனைபோல அது சுழன்றது. அதனோடு அவரும் சுழன்றார். திசைகள் எட்டும் சுழன்றன.

“அண்ணாத்தே! கட்டைய நீங்க சுத்துறீங்களா, கட்டை உங்களைச் சுத்துதா? விட்டுடுங்க!” என்று வீரபத்திரன் அலறினான்.

விட்டார். விடுபட்ட கட்டை விண்ணில் எழுந்து, ஓலைக் கூரையைப் பிளந்து, வெளியே உறங்கிய நாயை ஊரின் மறுகோடிக்கு ஓட்டியது. அதன் பின் பல நாட்கள் வேதாசலத்தின் கைகள் மார்புக்கு மேல் உயர மறுத்தன. அந்நாட்களில் கடையின் மேல் தட்டில் இருந்த சரக்கைக் கேட்டவர் எவராயினும், “அது ஸ்டாக் இல்லீங்க” என்ற விடையே பெற்றனர். வசம்பு கண்ணெதிரே மேலே தெரிய, வசம்பு இல்லை என்று கேட்டுத் திரும்பிய தாய்மார்கள் சண்டைக் காலம் முடிந்தும் பஞ்சம் தீரவில்லையே என்று நொந்தனர்.

முதற்போரில் புண்பட்ட வீரர் இரண்டாவதாக அடைந்தது, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி கோதண்டத்தின் வீட்டு மாடி. அங்கே கட்டையில்லை, மண்ணில்லை, ஆசனங்களே உண்டு. பஞ்சாங்கம்போல் மெலிந்த கோதண்டம் தம் இரு கால்களையும் தொடைகளின்மேல் எளிதாக மடித்துப் போட்டுக்கொண்டு, “பத்மாசனம்தான்யா ஆரம்பம். மனசு லேசானா காலு தானா மடங்கும்” என்று அருளினார்.

வேதாசலத்தின் மனம் லேசாயிற்றோ இல்லையோ, பெரும் முயற்சியில் இடக்கால் ஏறியது. அதைவிடப் பெருமுயற்சியில் வலக்கால் ஏறியது. தாமரை மலர்ந்தது. ஆனால் கூம்ப மறுத்தது. மேலே வயிறும் கீழே தரையும் இரு பெருஞ்சேனைகளாக நெருக்க, நடுவே அகப்பட்ட கால்கள் மீளும் வழியற்றுச் சிறைப்பட்டன. வெயில் ஏறியது. கோதண்டத்துக்குப் பசி வந்தது. கடைசியில் ஆள் அனுப்பிக் கௌரியம்மாளை வரவழைத்தார்கள். அவள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு மாடியேறி வந்து, அச்சில் சிக்கிய முறுக்கை எடுப்பதுபோல் ஒரு காலைப் பக்குவமாகத் திருகி வெளியே எடுத்தாள். மற்றது தானே வந்தது.

மாடிப்படி ஏறி வந்த களைப்பில் அவள் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. “பயந்துட்டியா?” என்று வேதாசலம் பரிவோடு கேட்டார். “ஆங்” என்றாள் அவள்.

இரு களங்களிலும் தோற்றவர் இனி மீசைக்கு விடைகொடுக்க வேண்டியதே என்று கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான், திருநீலகண்ட லேகியம் எங்கேனும் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வந்தான் ஜெபதாஸ். மிஷன் தெருக்காரன், பர்மா எல்லையில் போரிட்டு முதுகில் அடிபட்டு, ராணுவ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, நேராக நடந்து ஊர் திரும்பியவன். லேகியம் அவன் மாமனாருக்கு. அவனுக்கு எந்த மருந்தும் வேண்டியிருக்கவில்லை.

“முதுகு எப்படிடா தேறுச்சு?” என்று கேட்டார் வேதாசலம்.

“படுத்துகினே தேறுச்சு அண்ணே. அங்க ஒரு டாக்டர், கட்டில்ல கெடக்கறவங்களுக்கே எக்சர்சைஸ் வச்சிருந்தாரு. தூக்கறது, சுத்தறது, குதிக்கறது ஒன்னும் கெடையாது. மல்லாந்து படுக்கணும், மூச்சு விடணும், மெதுவா செய்யணும். எவ்ளோ மெதுவோ அவ்ளோ நல்லது.”

படுத்துக்கொண்டே செய்யும் போர்! மெதுவாகச் செய்தால் வெற்றி! மண்ணுலகில் தமக்கென்றே ஒரு கலை படைக்கப்பட்டிருப்பதை அறிந்த வேதாசலத்தின் கண்கள் கலங்கின.

மறுநாள் விடியலில் ஜெபதாஸ் வந்து நிற்க, கூடத்தில் கோரைப் பாய் விரிந்தது. அதன்மேல் மல்லாந்து சாய்ந்தார் மாவீரர், கடலில் மிதக்கும் மரக்கலம்போல.

“மூச்சை விடும்போது தொப்புளை முதுகெலும்போட ஒட்டுங்க அண்ணே.”

“முதுகெலும்பு எங்க இருக்குதுன்னே தெரியலியேடா.”

“இருக்கும் அண்ணே. தேடுங்க.”

தேடினார். வைகாசி முழுவதும் தேடினார். அது எளிய போர் என்று எண்ணியவர் ஏமாந்தார். இடுப்பை ஒவ்வொரு எலும்பாகத் தரையினின்று பிரித்து உயர்த்துகையில், தாலீமில் காணாத வியர்வையெல்லாம் பாயில் ஊறியது. ஒரு காலை உயர்த்தி, நடுங்காமல் காற்றில் வட்டம் எழுதுகையில் வீட்டுத் தூண்களே நடுங்கின. ஆனி பிறந்த ஒரு காலையில் அவர் முதுகெலும்பைக் கண்டுகொண்டார். அதே காலையில், தலையைத் தூக்கி முன்னே நோக்கியபோது, ஆ! தொலைவில், வயிறென்னும் குன்றுக்கு அப்பால், பிரிந்துபோன உறவினர்போல ஐந்தும் ஐந்துமாய் வரிசையாக நின்றன அவருடைய கால் விரல்கள். அவற்றை அசைத்தார். அவையும் அசைந்து நலம் விசாரித்தன.

இந்தத் தவத்தின்போதெல்லாம் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பாள் கௌரியம்மாள். அவர் மூச்சு இழுத்தால் அவள் மார்பும் விரியும். அவர் விட்டால் அவளும் விடுவாள். சில நாள் வாய் திறந்து ஏதோ சொல்ல வருவாள்.

“இன்னா கௌரி?”

“ஒன்னுமில்லங்க. பூனை உள்ள வந்துச்சோன்னு பாத்தேன்.”

தன் கணவன் தவறி உருண்டுவிடுவானோ என்று காவல் நிற்கிறாள் பேதை என்று அவர் உள்ளுக்குள் உருகுவார். பயிற்சி முடிந்ததும் அவள் பாயை வெகுநேரம் சுருட்டிக்கொண்டிருப்பாள். பாய் சுருட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

வந்தது ஆடிக் கிருத்திகை. பள்ளிப்பட்டும் ஆர்.கே.பேட்டையும் ஆந்திரச் சீமையும் திரண்டு வந்து சரவணப் பொய்கையில் முழுகி எழுந்தன. பம்பையும் உடுக்கையும் முழங்க, அரோகரா ஒலி வானைப் பிளக்க, வேதாசலம் பூக்காவடியைத் தோளேற்றினார். பின்னே பூக்கூடையோடு கௌரியம்மாள். அவளுக்கும் பின்னே, சவரக்கத்தி என்று சொல்லிச் சொல்லி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு ராஜவேலு.

படிகள் போர்க்கோலம் கொண்டு எதிர்த்தன. வெயிலில் பழுத்து உள்ளங்காலைச் சுட்டன. எலுமிச்சைத் தோலும் தேங்காய்த் தண்ணீரும் வழுக்கின. வழக்கமாக அவரை வீழ்த்தும் முதல் திருப்பம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. வேதாசலம் மூச்சை விட்டார். தொப்புள் முதுகெலும்பைத் தேடிச் சென்று சேர்ந்தது. திருப்பம் தோற்றுப் பின்னே போயிற்று. மண்டபம் வந்தது, நிழலென்னும் மாயவலையை விரித்தது. அவர் அதனைத் திரும்பியும் பார்த்திலர். மூச்சுக்கு ஒரு படி, படிக்கு ஒரு மூச்சு என்று, மதம் தெளிந்த களிறு மலைச்சாரலில் நடப்பதுபோல நடந்தார்.

அப்போது கீழே ஒரு குரல் எழுந்தது. “ஏங்க!”

அது கௌரியம்மாளின் குரல். படிகளில் ஏறிக்கொண்டிருந்த கணவன்மார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காவடிப் பூச்சரம் காதை மூட, பம்பை முன்னே அதிர, அவளுக்குரிய ஒருவர் மட்டும் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ரேஷன் கடையில் புருஷன் பெயரைக் கேட்டபோதே வாய் திறவாமல் மலையைச் சுட்டிக்காட்டி, மீதியைக் குமாஸ்தாவே யூகிக்கும்படி விட்டவள் அவள். “ஏங்க! ஏங்க!” என்றாள் மறுபடியும். மறுபடியும் எல்லாக் கணவன்மாரும் திரும்பினார்கள். சிலர் மனைவி தங்கள் பக்கத்திலேயே இருப்பதைக் கண்டு குழம்பினார்கள்.

சன்னிதியில் காவடி இறங்கியது. ஒரு படியிலும் நிற்காமல், மீசை குறையாமல், வேதாசலம் வேலவன் முன் நின்றார். கற்பூர ஒளியில் கண்ணீர் மல்க வணங்கி, வென்ற மன்னன் தன் தேவியை நோக்குவதுபோல, “பாத்தியா கௌரி!” என்று கம்பீரமாகத் திரும்பினார்.

அங்கே தேவி இல்லை. ஆர்.கே.பேட்டை நெசவாளர் ஒருவர் நின்றார். “பாத்தேங்க” என்றார் அவர்.

வெற்றி அக்கணமே விபூதியாய் உதிர்ந்தது. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, வந்த படிகளில் பதறி இறங்கினார் வேதாசலம். மண்டபத்துத் தூணில் சாய்ந்து, காலை நீட்டிப் போட்டு, முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தாள் கௌரியம்மாள். ராஜவேலு மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்; அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“கௌரி! இன்னா ஆச்சு?”

“எத்தினி தாட்டி கூப்பிட்டேன்! ஊர்ல இருக்குற ஆம்பளைங்க எல்லாம் திரும்பிட்டாங்க. நீங்க ஒருத்தர் தான் ஏறிகினே போறீங்க.”

“பேரைச் சொல்லிக் கூப்பிடுக்கான்னேன் பாவா,” என்றான் ராஜவேலு. “சாமி கண்ணைக் குத்திடும்ங்குது. அக்காவுக்கு மூச்சு வாங்குறது இன்னிக்கு நேத்தா? எங்க வீட்ல இருக்கும்போதே மாடி ஏற மாட்டா.”

வேதாசலம் அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். எத்தனை கிருத்திகைகள்! எத்தனை திருப்பங்கள்! அந்த மான் இத்தனை காலமும் யானைக்காக நிற்கவில்லை. யானையின் மெதுநடைதான் அந்த மானைச் சுமந்து மலையேற்றியிருக்கிறது. அதை அறியாமல், அவளுக்காகவே அரும்பாடுபட்டு வேகம் பயின்று, அவளையே பாதி மலையில் விட்டுவிட்டு ஏறிய பேரறிவாளர் தாமே என்று உணர்ந்து, அவள் முழங்காலைத் தம் கையால் மெல்ல அமுக்கிவிடலானார். நடு மண்டபத்தில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முழுதும் கடந்து போய்க்கொண்டிருக்க, ஓர் ஆண்மகன் மனைவியின் கால் பிடித்தான். மலை அதிரவில்லை. பம்பை நிற்கவில்லை. ராஜவேலு மட்டும் பண்போடு குரங்குகளைப் பார்க்கத் தொடங்கினான்.

கௌரியம்மாள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். பெண்பிள்ளை தரையில் படுத்துக் காலைத் தூக்குவதா என்று ஊர் கேட்குமே என்று வைகாசியும் ஆனியும் ஆடியும் நெஞ்சுக்குள் அடக்கிவைத்ததை, மண்டபமும் தூணும் தம்பியும் கேட்க, அந்த உத்தமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திருவாய் மலர்ந்தருளினாள்:

“நாளைக்குக் காத்தால எனக்கும் பக்கத்துல ஒரு பாய் போடுங்க.”